வெறும் எடை

கொண்டலாம்பட்டி பைபாஸில் எங்கள் எடைமேடை
அறுபது டன் தாங்கும்.
அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியது
இதுவரை ஒருத்திதான்.
ஒதீல். பிரான்சிலிருந்து பழைய இரும்பு வாங்க வந்தவள்.
அறுபது கிலோ என்றது திரை.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும் என்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
சைகையில் சொன்னேன்.

உருக்காலைத் துண்டுகளைக் காட்டினார் முதலாளி.
முகம் தெரிகிற பளபளப்பு. வேண்டாம் என்றாள்.
சாவிக்கொத்தால் தட்டித் தட்டிப் பொறுக்கினாள்:
ஏற்காட்டு வளைவுகளில் இடுப்பொடிந்த பஸ்ஸின் பட்டைகள்,
இளம்பிள்ளைத் தறிகளின் அச்சுகள்,
ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி வறுத்து வறுத்து
நடுவில் குழிந்த தட்டுகள் நாலு.
துருவைச் சுரண்டப்போன பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.

ஷெட்டில் அவளுக்கு அமானுல்லாதான் வெல்டர்.
லாரி சேஸிஸில் அவன் போட்ட தையல்
சங்ககிரிச் சாலையில் எத்தனை பள்ளத்திலும் விட்டதில்லை.
பதினோரு நாள் ஒட்டினார்கள்.
பன்னிரண்டாம் நாள்
ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஆறும்வரை பார்த்துவிட்டு
கட்டரை எடுத்து
அவனுடைய ஆக நேரான தையலை அறுத்தாள்.
இன்னும் மோசமாகப் போடு என்றாளாம்.

மறுநாள் அவன் வரவில்லை.
அதற்கடுத்த நாள் என் ஜன்னலில் வந்து நின்றான்:
“மோசமா எப்படிக்கா போடறது?
பத்தொம்பது வருசத்துல கை அதை மறந்துட்டுதே.”
அன்று மத்தியானம்
ராடை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

நெளிந்து, இடறி, ஓரிடத்தில் குமிழியிட்டு
மழைக்கு முன் எறும்பு போகிற மாதிரி போனது தையல்.
ஒதீல் முகமூடியைத் தூக்கிவிட்டு
அதைத் தொடப்போய் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

என்ன அது என்று என்னைக் கேட்காதீர்கள்.
எருமை என்றான் பையன்.
விபத்து என்றார் முதலாளி.
கஞ்சமலைப் பக்கம் வெயில் இறங்கும்போது
ஒரு தட்டில் அவள் வெட்டிய வட்ட ஓட்டை வழியே
வெளிச்சம் வந்து என் கணக்கு நோட்டில் விழும்.
அந்த ஐந்து நிமிஷம் நான் எதையும் கூட்டமாட்டேன்.

ஏற்றும் நாள்.
சிலை ஆயிரத்து இருநூற்று எழுபது.
வாங்கியதோடு ராடு இருபது கூட்டி,
திருப்பிப் போட்ட துண்டு அறுபது கழித்தால்
முப்பது கிலோ இடிக்கிறது.
எங்கே போச்சு என்றேன்.
அமானுல்லா மூக்கைச் சிந்திய கைக்குட்டையை விரித்தான்.
கருப்பு.
“கொஞ்சம் இங்க. மிச்சம் பொறியாப் போச்சு.”

பழைய இரும்பு என்றே பில் போடு,
வரி வம்பு வேண்டாம் என்கிறார் முதலாளி.
சிலைன்னா எந்தச் சாமி என்கிறார் டிரைவர் சடையப்பன்;
செருப்போடு ஏறலாமா என்று தெரிய வேண்டும் அவருக்கு.
ஒதீல் சீட்டின் நடு வரியில் விரல் வைத்தாள்.
வெறும் எடை, என்று படித்தேன்.
எதுவும் ஏற்றாதபோது வண்டிக்கு இருக்கிற கனம்.
பையனின் அரைகுறை இங்கிலீஷ் ஏறி
அது அவளிடம் போய்ச் சேர நேரமானது.
பிறகு சாக்பீஸை என்னிடம் நீட்டினாள்.

அடிக்கட்டில் நான் எழுதிய இரண்டு சொல்லின்மேலும்
அமானுல்லா ராடை ஓட்டினான், வலது கையால்.
‘று’வின் வளைவில் மட்டும்
இடது கை ஞாபகம் வந்துவிட்டது போல.

ஓட்டையிலிருந்து விழுந்த வட்டத் தகடு
இங்கேயே கிடந்தது.
மேடையில் வைத்துப் பார்த்தேன். சுழி.
இப்போது தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி.
அதன்மேல் டீ கிளாஸ் வைக்காதே என்று
பையனைத் திட்டுகிறேன்.
சில நாள் நானே வைக்கிறேன்.